நெடும்பாதை யாருடைய வாசலுக்குப் போகிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், இரண்டு ஆறுகள் கூடி ஒஹாயோ ஆறாக உருவெடுக்கும் முனையில் பிட்ஸ்பர்க் நகரம் இருக்கிறது. அந்த முனையிலிருந்து தென்கிழக்காக ஒரு பாதை புறப்படுகிறது. மலைகளைக் கடந்து 240 கிலோமீட்டர் போய், மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லேண்ட் ஊரைத் தொடுகிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்குமான பாதை இது. கார், லாரி, மோட்டார் சைக்கிள் எதற்கும் இடமில்லை. கிரேட் அலிகெனி பேசேஜ் என்பது இதன் பெயர். கம்பர்லேண்டில் இது முடியும் இடத்தில் செசபீக் – ஒஹாயோ கால்வாயின் பழைய கரைப்பாதை ஆரம்பிக்கிறது. அதன் வழியாக இன்னும் 297 கிலோமீட்டர் போனால் வாஷிங்டன் தலைநகரம் வந்துவிடும். ஆக, ஒரு பெருநகரத்திலிருந்து நாட்டின் தலைநகரம் வரை, நெடுஞ்சாலையில் கால் வைக்காமலே போய்ச் சேரலாம்.

ஓஹாயோபைல் என்ற சிற்றூருக்கு அருகில் இதன் முதல் 9 மைல் துண்டு 1986-இல் திறக்கப்பட்டது. பிட்ஸ்பர்க் முனையைத் தொட்டு முழுமை பெற்றது 2013-இல். 27 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஆனால் புதிதாக மலையை வெட்டியோ கரை எழுப்பியோ கட்டிய பாதை அல்ல இது. ரயில் நின்றுபோன தடத்தின் மேல்தான் பெரும்பகுதி ஓடுகிறது. கரையும் வெட்டும் பாலமும் குகையும் நூறாண்டுகளுக்கு முன்பே போடப்பட்டவை. தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டையையும் கழற்றி, ஜல்லியின் மேல் சன்னமான சுண்ணாம்புக்கல் தூளைப் பரப்பினால் பாதை தயார் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அப்படியிருக்க 27 ஆண்டுகள் எங்கே போயின? ஊர்களை இணைக்கும் உலாப்பாதைகளை ஒரு வட்டாரம் முழுக்க எப்படி அமைப்பது என்று கேட்கிற எவரும் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இது.

வட்டாரம் முழுக்க ஒரு பாதை என்ற எண்ணத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. வனவியலாளரும் திட்டமிடலாளருமான பென்டன் மக்கே 1921-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அப்பலாச்சிய மலைத்தொடரின் முகட்டில், வடக்கே நியூ இங்கிலாந்திலிருந்து தெற்கு வரை ஒரே நடைபாதை என்பது அவர் முன்வைத்த திட்டம். இன்று அப்பலாச்சியன் டிரெயில் என்றால் முதுகில் பையைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் தனியே நடப்பவர்தான் எல்லோர் மனத்திலும் வருகிறார். மக்கேயின் கட்டுரையோ தன்னை வட்டாரத் திட்டமிடல் முயற்சி என்றே அறிவித்துக்கொண்டது. பாதையோரம் தங்குமுகாம்கள், சமூகக் குடியிருப்புகள், உணவு விளைவிக்கும் பண்ணைகள், வேலைவாய்ப்பு எல்லாம் அதில் இருந்தன. நகரத்தில் நெருக்குண்டவனும் மலையில் வருமானமின்றித் தேய்ந்தவனும் சந்திக்கும் இடமாகப் பாதையை அவர் கண்டார். திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மைரன் ஏவரி. தன்னார்வக் குழுக்களைத் திரட்டி, மரங்களில் அடையாளம் தீட்டி, 14 மாநிலங்கள் வழியாக ஏறக்குறைய 3,500 கிலோமீட்டரை 1937-இல் இணைத்து முடித்தார். பாதை கிடைத்தது, பண்ணையும் குடியிருப்பும் கைநழுவிப் போயின. அவ்வளவு பெரிய சாதனையில் விடுபட்ட அந்தப் பாதிதான் அடுத்த தலைமுறைகள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது அலை ரயிலால் வந்தது. 1916 வாக்கில் அமெரிக்க ரயில் தடங்கள் இரண்டரை லட்சம் மைலைத் தாண்டி உச்சத்தில் இருந்தன. லாரியும் காரும் பெருகப் பெருக, கிளைத் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சிகாகோவுக்கு மேற்கே பயணிகள் ரயில் நின்றுபோன ஒரு தடத்தில் புல்லும் காட்டுப்பூவும் மண்டிக் கிடந்தன. மே தீல்கார்ட் வாட்ஸ் என்ற இயற்கையியலாளர் 1963-இல் சிகாகோ டிரிபியூன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதி, புல்டோசர்கள் வருவதற்குள் இதைப் பொதுநடைக்கு விட வேண்டும் என்று வாதாடினார். இல்லினாய் பிரேரி பாதை அந்தக் கடிதத்திலிருந்து முளைத்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்க்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே மூன்று குகைகளைக் கொண்ட 32 மைல் தடம் 1967-இல் சைக்கிள் பாதையாகத் திறந்தது. குகைகளில் ஒன்று முக்கால் மைல் நீளம். உள்ளே போக இன்றும் கைவிளக்கு வேண்டும். ரயில் தடங்களைப் பாதைகளாக மாற்றுவதற்கென்றே ஒரு தேசிய அமைப்பு 1986-இல் வாஷிங்டனில் தோன்றியது. இன்று அந்நாட்டில் இவ்வகைப் பாதைகளின் மொத்த நீளம் 25,000 மைலுக்கும் மேல்.

ரயில் தடம் நடப்பவருக்கு உகந்ததாக இருப்பதற்குக் காரணம் அதன் சரிவு. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே மலையைச் சுற்றியோ துளைத்தோ, நூறு அடிக்கு ஓரிரு அடி மட்டும் ஏறும்படி தடம் போட்டார்கள். முதியவரும் சிறுவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் அந்தச் சரிவில் தாராளமாகப் போகலாம். மலைமுகட்டுப் பாதைகள் திடகாத்திரமானவர்களுக்கு மட்டும் திறந்தவை. ஊருக்கு ஊர் ஓடிய ரயிலின் தடமோ எல்லோருக்குமானது. அதைவிடவும் பெரிய வசதி ஒன்று உண்டு: அது ஏற்கெனவே ஊர்களின் வழியாகவே போகிறது.

இத்தனை நன்மைகளுக்கும் நடுவே ஒரு பெரும் சிக்கல் படுத்திருக்கிறது. அதுதான் நிலம்.

ரயில் ஓடிய நிலமெல்லாம் ரயில் கம்பெனிக்குச் சொந்தமானதல்ல. பல இடங்களில் கம்பெனிக்கு இருந்தது வழிப்பாத்தியம் மட்டும். நம் ஊர்ப் பத்திரங்களில் வண்டிப்பாதை பாத்தியம் என்று எழுதுகிறோமே, அதைப் போன்ற உரிமை. ரயில் ஓடும்வரை அது செல்லும். ஓட்டம் நின்று தடம் சட்டப்படி கைவிடப்பட்டால், மாநிலச் சட்டத்தைப் பொறுத்து நிலம் பக்கத்துக் காணிக்காரருக்கே திரும்பிவிடும். நூறு மைல் தடம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறும். ஒருவர் வேலி போடுவார், ஒருவர் வீடு கட்டுவார், ஒருவர் கரையை வெட்டி வயலோடு சேர்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி மீண்டும் கோப்பது எந்த அரசாங்கத்தாலும் ஆகாத காரியம். இழந்தால் திரும்பக் கிடைக்காதது நிலத்தின் பரப்பளவு அல்ல, அதன் தொடர்ச்சி.

1983-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தேசியப் பாதைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தது. ரயில் நின்றாலும் தடத்தைக் கைவிட்டதாகக் கருத வேண்டாம்; என்றாவது ரயில் மறுபடி தேவைப்படலாம் என்ற ஏற்பாட்டில் அதை அப்படியே காத்து, இடைக்காலத்தில் பாதையாகப் பயன்படுத்தலாம் என்றது அது. வெர்மாண்ட் மாநிலத்தின் நில உடைமையாளர்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, நிலம் பறிபோனதாகக் கருதுவோர் மத்திய அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்காடும் வழியையும் திறந்து வைத்தது. பின்னர் பலர் வென்று இழப்பீடும் பெற்றார்கள். 2014-இல் வயோமிங் மாநிலத்து வழக்கு ஒன்றில், அந்தத் திருத்தத்தின் பாதுகாப்பு இல்லாமல் கைவிடப்பட்டிருந்த ஒரு தடத்தின் நிலம் உடைமையாளருக்கே சேரும் என்று அதே நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் காலத்தின் அருமை விளங்கும். தடம் கைவிடப்படும் முன்பே கைப்பற்றி வைத்த வட்டாரங்களில் இன்று பாதை இருக்கிறது. தாமதித்தவர்களிடம் வரைபடம் மட்டுமே இருக்கிறது.

எதிர்த்த நில உடைமையாளர்களைப் பேராசைக்காரர்களாகச் சித்திரிப்பது எளிது, ஆனால் நியாயமில்லை. மிசூரி மாநிலத்தில் மிசூரி ஆற்றை ஒட்டி ஓடிய எம்.கே.டி. ரயில்தடம் 1986 வெள்ளத்துக்குப் பிறகு நின்றுபோனது. அதைப் பாதையாக்க முனைந்தபோது ஆற்றோர விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். வீட்டுக் கொல்லைப்புறத்தில் முகம் தெரியாதவர்கள் நடமாடுவார்கள், திருட்டு வரும், குப்பை சேரும், வயலுக்கு மருந்தடித்தால் வழக்கு வரும் என்றெல்லாம் அஞ்சினார்கள். ரயில் நின்றால் நிலம் தங்களுக்கே திரும்பி வரும் என்று நம்பியிருந்தவர்கள் அவர்கள். டெட் ஜோன்ஸ் என்ற பங்குத் தரகு நிறுவன அதிபர் 22 லட்சம் டாலர் கொடுத்து, மாநில அரசு தடத்தை வாங்கவும் பாதையாக்கவும் உதவினார். 1990-இல் ரோஷ்போர்ட் என்ற ஊரில் முதல் துண்டு திறந்தது. கேட்டி டிரெயில் எனப்படும் அந்தப் பாதை இன்று 380 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ஒரு காலத்தில் அஞ்சப்பட்ட அதே அந்நியர்களை நம்பி ஆற்றோர ஊர்களில் விடுதிகளும் உணவகங்களும் நடக்கின்றன. அச்சத்தை வாதத்தால் வெல்ல முடிந்ததாக எனக்குத் தெரிந்த எந்த வரலாற்றிலும் இல்லை. முதல் பத்து மைலைத் திறந்து, சுத்தமாக வைத்து, அடுத்த ஊர்க்காரர்களை வந்து பார்க்கச் சொல்லும்போதுதான் அச்சம் கரைந்திருக்கிறது.

நடந்து காட்டுவதற்கு வாதத்தைவிட வலு உண்டு என்பதற்கு முதலில் சொன்ன செசபீக் – ஒஹாயோ கால்வாய்க் கரையே சான்று. 1950-களில் அந்தக் கரையின் மேல் மோட்டார் சாலை போடத் திட்டமிட்டார்கள். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், தலையங்கம் எழுதியவர்களைத் தம்மோடு கால்வாய் முழுதும் நடக்க வரும்படி அழைத்தார். 1954 மார்ச் மாதத்தில் அந்த நடை நடந்தது. நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இங்கிலாந்தில் நடந்து காட்டியதற்குக் கொடுத்த விலை அதிகம். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர் இளைஞர்கள், பிரபுக்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறிக் கூட்டமாக ஏறினார்கள். ஐவர் சிறைக்குப் போனார்கள். மூன்றாண்டுகள் கழித்து டாம் ஸ்டீவன்சன் என்ற பத்திரிகையாளர் அதே மலைத்தொடரில் ஒரு நீண்ட நடைபாதை வேண்டும் என்று எழுதினார். அந்தப் பென்னைன் வே பாதை திறக்கப்பட்டது 1965 ஏப்ரல் 24-இல். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே 30 ஆண்டுகள், ஓர் உலகப்போர், 1949-ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டம்.

பிட்ஸ்பர்க் பாதையின் 27 ஆண்டுகளுக்கு வருகிறேன். அந்த மண்ணின் நிலைமையை நினைவில் வைக்க வேண்டும். கானல்ஸ்வில் ஊரின் நிலக்கரி உருக்காலைகளுக்கான கோக் கரி ஆனது. 1892-இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கும் பிங்கர்டன் நிறுவனத்தின் தனியார் காவலர்களுக்கும் இடையே ரத்தம் சிந்திய மோதல் நடந்த ஹோம்ஸ்டெட்டின் பம்ப் ஹவுஸ் கட்டடம் இன்றைய பாதையோரத்தில்தான் நிற்கிறது. 1970-களிலும் 80-களிலும் எஃகுத் தொழில் சரிந்தபோது இந்த ஆற்றங்கரை ஊர்கள் ஆலையை இழந்தன, அங்காடியை இழந்தன, வேலை தேடிப் போன பிள்ளைகளை இழந்தன. அதே காலத்தில், இந்தப் பாதைக்குத் தடம் தந்த வெஸ்டர்ன் மேரிலாந்து ரயிலும் நின்றது.

தடத்தை ஊர் ஊராகக் கையில் எடுத்தவர்கள் தன்னார்வக் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தன் ஊர்த் துண்டு பெரிது. அடுத்தவர் துண்டு அடுத்தவர் கவலை. 1995-இல் ஏழு குழுக்கள் அலிகெனி டிரெயில் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்தன. லிண்டா மெக்கென்னா பாக்ஸ் நெடுங்காலம் அதற்குத் தலைமை தாங்கினார். கூட்டமைப்பு வந்த பிறகுதான் ஒரே பெயர், ஒரே அடையாளப் பலகை, ஒரே வரைபடம், மத்திய மாநில அரசுகளிடம் ஒரே குரலில் நிதி கேட்கும் வலு எல்லாம் வந்தன. ஒரு வட்டாரப் பாதை உருவாவதில் பொறியாளர் வேலையைவிட இந்த வேலை கடினமானது என்று உறுதியாகச் சொல்வேன். தன் ஊர்த் திறப்பு விழாவைத் தள்ளிவைத்து, பக்கத்து மாவட்டத்தின் இடிந்த பாலத்துக்கு நிதி போகட்டும் என்று ஒரு குழு ஒப்புக்கொள்ள வேண்டுமே!

ஏனெனில் இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாதையின் மதிப்பு தங்கியிருக்கிறது. மலையின் நீர்பிரிமுகட்டுக்கு அருகில் பிக் சாவேஜ் குகை ஒரு கிலோமீட்டர் நீளம். அது பழுதுபட்டுக் கிடந்தவரை, இருபுறமும் எவ்வளவு நல்ல பாதை இருந்தும் பிட்ஸ்பர்க்கும் கம்பர்லேண்டும் இணையவில்லை. குகையைச் சீரமைத்துத் தந்த பிறகு 2006 இறுதியில் மலைப்பகுதி முழுவதும் ஒன்றானது. மீதி இருந்தது பிட்ஸ்பர்க்கை ஒட்டிய கடைசிச் சில மைல்கள். ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கும் இன்னும் ரயில் ஓடும் தடத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மைல் துண்டு பேச்சுவார்த்தையிலேயே ஆண்டுகளைத் தின்றது. மலைகளைத் தாண்டியவர்கள் நகர விளிம்பில் காத்து நிற்க நேர்ந்தது. நகரத்துக்குள் நுழையும் மைல்கள்தான் எங்கும் கடைசியாகக் கிடைக்கின்றன. நிலம் அங்கேதான் விலை கூடியது, உரிமையாளர்களும் அங்கேதான் அதிகம்.

ஒரு கோடு வலையாகும்போது கணக்கு மாறுகிறது. ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் வட்டாரத்தில் 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தார்ப்பாதைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பழைய ரயில் சந்திப்பாக இருந்த சீனியா ஊர் இன்று பல பாதைகளின் சந்திப்பு. வலைக்குள் இருக்கும் பள்ளி மாணவன் பாதையில் பள்ளிக்குப் போகிறான், வேலைக்குப் போகிறவர் வேலைக்குப் போகிறார். விடுமுறைக்கு வரும் வெளியூர்க்காரர் அவர்களில் ஒருவர் மட்டுமே. தனிக்கோடாக நீளும் பாதை சுற்றுலாப் பொருளாகவே நின்றுவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. பென்சில்வேனியா, ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா, நியூயார்க் ஆகிய நான்கு மாநிலங்களின் பழைய தொழில் நகரங்களை 1,500 மைல் வலையாக இணைக்கும் முயற்சி இப்போது நடக்கிறது. அதில் பிட்ஸ்பர்க் பாதை ஒரு முதுகெலும்பு.

நிலம் கிடைத்துப் பாதையும் போட்டாயிற்று என்றால் அடுத்த எதிரி தண்ணீர். மேற்பரப்பில் நிற்கிற நீர் கல்தூளைக் கரைக்கும். அடைபட்ட மதகு ஒரே மழையில் கரையை அறுக்கும். வடிகாலைத் தூர்வாருவதும் விழுந்த மரத்தை அறுப்பதும் கண்ணைக் கவரும் வேலைகள் அல்ல, திறப்பு விழாவும் அவற்றுக்கு இல்லை, நன்கொடையும் எளிதில் வராது. பிக் சாவேஜ் குகையைக் குளிர்காலம் முழுதும் கதவு போட்டு மூடிவைக்கிறார்கள்; உள்ளே பனி உறைந்து சுவரைப் பிளக்கக் கூடாது என்பதற்காக. பென்னைன் வேயில் லட்சக்கணக்கான காலடிகள் மலையின் கரிச்சேற்றைக் குழப்பிவிட்டன. லங்காஷயரில் இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தளக்கற்களை ஹெலிகாப்டரில் தூக்கிவந்து வழிநெடுகப் பதித்தார்கள். பஞ்சாலைத் தொழிலாளியின் கால் தேய்த்த கல் இப்போது நடைக்காரரின் காலைத் தாங்குகிறது. வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் ஊர் இந்த விஷயத்தில் வேறொரு பாடம். அப்பலாச்சியன் டிரெயில் அதன் கடைத்தெரு வழியாகவே போகிறது. வர்ஜீனியா கிரீப்பர் என்ற ரயில் தடப் பாதையும் அங்கே சேர்கிறது. ஊரின் பிழைப்பே இவற்றை நம்பி அமைந்தது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கிரீப்பர் பாதையின் மேற்பாதியை, டமாஸ்கஸிலிருந்து வைட்டாப் வரை, மரப்பாலங்களோடு அடித்துச் சென்றுவிட்டது. சைக்கிள் வாடகைக்கு விட்டுப் பிழைத்த கடைகளுக்கு அது ஆலை மூடியதற்குச் சமம். பாதையை ஊரின் பொருளாதாரமாக ஆக்கியவர்கள் பழுதுபார்ப்பு நிதியையும் அன்றே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஊருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். பாதை ஊர் வழியாகப் போவதாலேயே ஊர் பயன்பெறும் என்று முதலில் எல்லோரும் நம்பினார்கள். அலிகெனி பாதையில் அது பொய்த்தது. ரயில் தடம் ஆற்றோரம், கடைத்தெரு மேட்டில். வருகிறவருக்கு மேலே ஓர் ஊர் இருப்பதே தெரியாது. ஊரில் இருக்கிறவருக்குக் கீழே ஆள் போவது தெரியாது. 2007-இல் தி புரோகிரஸ் ஃபண்ட் என்ற கடனுதவி அமைப்பு பாதையோர ஊர்களுக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பாதையிலிருந்து கடைத்தெருவுக்கு வழிகாட்டிப் பலகை, சைக்கிள் நிறுத்துமிடம், குடிநீர், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கடை, உள்ளூர்க்காரர் விடுதி தொடங்கச் சிறுகடன் என்று கவனம் சின்னச் சின்னக் காரியங்களில் இருந்தது. மூன்று நீரோட்டங்கள் கூடும் கான்ஃபுளுயன்ஸ் போன்ற குட்டி ஊர்களில் பழைய வீடுகள் தங்கும் விடுதிகள் ஆயின. மேயர்ஸ்டேல் ஊரின் பழைய ரயில் நிலையம் வருவோரை வரவேற்கும் இடமாயிற்று. இந்த ஊர்கள் பழைய செல்வத்தைத் திரும்பப் பெற்றுவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு விடுதியும் இரண்டு உணவகங்களும் உருக்காலைச் சம்பளத்துக்கு ஈடாகா. மூடிய கடைகள் சில திறந்தன, வெளியேறியவர்கள் சிலர் திரும்பினார்கள். அந்த அளவுக்கு அது உண்மையான நன்மை.

வேறு நாடுகளில் வேறு வழிகளும் உண்டு. சிங்கப்பூரில் மலாயா ரயில் 2011-இல் தஞ்சோங் பகார் நிலையத்தை விட்டுப் பின்வாங்கியதும், 24 கிலோமீட்டர் தடம் முழுவதும் ஒரே நாளில் அரசின் கைக்கு வந்தது. அமெரிக்காவைத் தின்ற நிலச்சிக்கல் அங்கே எழவே இல்லை. மலாயா ரயில் தடங்களைப் போட்டதிலும் காத்ததிலும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரும்பங்கு. அந்தச் சிங்கப்பூர்த் தடம் இன்று பசுமை நடைபாதையாகத் தீவை வடக்கு தெற்காக இணைக்கிறது. தென்கொரியாவின் ஜெஜு தீவில் சோ மியுங்சுக் என்ற பத்திரிகையாளர், ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதையை நடந்துவிட்டு வந்து, 2007-இல் தன் ஊரில் முதல் தடத்தை வகுத்தார். ஜெஜு ஓலே இன்று 27 தடங்கள், 437 கிலோமீட்டர். புதிதாக வெட்டுவதை இயன்றவரை தவிர்த்து, மறந்துபோன கிராமத்து வழிகளைக் கண்டெடுத்துக் கோத்தார்கள். நீலமும் ஆரஞ்சும் சேர்ந்த ரிப்பன்கள்தான் வழிகாட்டி. குறைந்த செலவில், ஊர்க்காரர் சம்மதத்தோடு, விரைவாகச் செய்ய முடிந்ததற்கு அதுவே காரணம்.

பாதையால் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி தமிழருக்கு மிக அருகில் வரும் இடம் இலங்கை மலையகம். பெகோ டிரெயில் அங்கே அண்மை ஆண்டுகளில் உருவாகியிருக்கிறது: கண்டிக்கு அருகில் ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல பக்கமாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைபாதை, 22 கட்டங்கள். ஸ்பெயின் நாட்டவரான மிகுவேல் குணாட் இதன் கருத்தை முன்னெடுத்தார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் துணை நின்றன. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் முதன்முதலாக வணிக அளவில் தேயிலை நட்ட லூல்கந்துரை தோட்டம் இதன் வழியில் வருகிறது. ஜெஜு போலவே இங்கும் புதிதாக வெட்டியது கொஞ்சம். தோட்டத்து ரோட்டும் குறுக்குப் பாதையும் ஏற்கெனவே இருந்தவை.

அவற்றை உண்டாக்கியவர்கள் யார் என்பதில் ஐயமில்லை. கொழுந்துக் கூடையோடு மலைக்கும் தேயிலை ஸ்டோருக்கும் வரிசைக் குடியிருப்பான லயத்துக்கும் தினமும் நடந்த கால்கள் ஆக்கிய வழிகள் அவை. அந்தக் கால்களின் முதல் நடை இன்னும் நீண்டது. 19-ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியாக மாத்தளைக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்டார்கள். பசியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மலையக மக்களின் வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. காணியுரிமையும் வீட்டுரிமையும் அதில் முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் அடக்கம். டக்ளஸின் நடைக்கும் கிண்டர் ஸ்கவுட் நடைக்கும் பக்கத்தில் வைத்து எண்ணவேண்டிய நடை இது என்பது என் துணிபு.

பெகோ பாதையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மலையகத்தின் அழகை உலகம் நடந்து பார்ப்பது நல்லதே. ரயில் ஜன்னல் வழியே பார்த்துப் போவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. கான்ஃபுளுயன்ஸில் வேலை செய்த வழிமுறை இங்கே ஏன் அப்படியே வேலை செய்யாது என்பதே என் கவலை. அங்கே வேலை போனவரிடமும் வீடு மிஞ்சியிருந்தது. அந்த வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கினார், இரண்டு அறைகளை விடுதியாக்கினார். லயக் காம்பராவில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கு அந்தக் காம்பராவும் சொந்தமில்லை, முன்னால் உள்ள மரக்கறித் தோட்டமும் சொந்தமில்லை. தன் பெயரில் உறுதி இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? நடைக்காரர் வாசலைத் தாண்டிப் போவார். தேநீரை அடுத்த டவுன் ஹோட்டலில் குடிப்பார். தங்கும் அறையின் வாடகை துரையின் பழைய பங்களாவை விடுதியாக்கி வைத்திருப்பவருக்குப் போகும். தோட்டத்து இளைஞனுக்குக் கிடைக்கக்கூடியது வழிகாட்டி வேலை. அதுவும் பயிற்சியும் மொழியும் வாய்த்தவருக்கு மட்டும்.

இங்கே ஒரு வாய்ப்பும் இருக்கிறது, அமெரிக்கருக்குக் கிடைக்காதது. அவர்கள் சிதறிய உரிமைகளைச் சேர்க்க 1983-இல் சட்டம் இயற்றி, பல்லாண்டு நீதிமன்றம் ஏறி, இழப்பீடு கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. மலையகத் தோட்ட நிலத்தின் பெரும்பகுதி அரசினுடையது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. பாதை லயங்களை ஒட்டிப் போகும் ஒவ்வொரு கட்டத்திலும், அங்கே குடியிருப்பவருக்கு வீட்டோடு சேர்த்துச் சில பேர்ச் காணியை அவர் பெயருக்கே உறுதி எழுதிக் கொடுப்பது பெரிதும் கொழும்பின் கையில்தான் இருக்கிறது. அப்படிக் கொடுத்தால், தேநீர்க் கடையா, இரண்டு கட்டில் போட்ட அறையா, வருகிறவருக்குச் சோறு போடும் திண்ணையா என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்துகொள்ளும். வழிகாட்டிப் பலகைகளில் தமிழும் இருக்க வேண்டும், தோட்டங்களுக்கு அந்த மக்கள் வழங்கும் பெயர்களோடு. பாதைப் பராமரிப்புக் குழுக்களில் தோட்ட மக்களின் பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் சரியும், எந்த மதகு அடைபடும் என்று அன்றாடம் அதில் நடக்கிறவருக்குத்தான் தெரியும்.